தொழில்நெறி வழிகாட்டல்: நம் துறை நடந்து வந்த பாதை

பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்து என்ன படிக்கலாம், என்ன தொழிலுக்குப் போகலாம் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். படித்த பெற்றோரைப் பெற்ற பிள்ளைக்கு அந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த பிள்ளைக்கு அந்த இடத்தில் நிற்பவர் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர். அவருக்குத் துணையாக நிற்பவர் மாவட்டத்தின் வேலைவாய்ப்பு அலுவலர். இச்சிறப்பு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் நம்மில் பலர் அந்தப் பொறுப்பை ஏற்றுச் சுமந்தவர்கள். நாம் செய்யும் பணிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத் தொடங்கியவர்கள் யார், எந்தச் சூழலில் தொடங்கினார்கள், நம் நாட்டிலும் மாநிலத்திலும் அது எவ்வாறு வேரூன்றியது என்பதைப் புதிதாக இப்பணிக்கு வரும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இவ்வரலாறு இங்கே பதிவு செய்யப்படுகிறது.

ஒருவர் செய்யப்போகும் தொழிலை அவர் பிறந்த குடும்பமோ குலமோ தீர்மானிக்கக் கூடாது, அவருடைய ஆற்றலும் விருப்பமுமே தீர்மானிக்க வேண்டும் என்பது நம் துறையின் அடிப்படை நம்பிக்கை. தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த நம் மண்ணில் இந்த நம்பிக்கைக்கு இருக்கும் பொருள் வேறெங்கும் இருப்பதைவிட ஆழமானது. நம் முன்னோடிகள் ஒவ்வொரு பத்தாண்டிலும் செய்த பணியை இந்த நம்பிக்கையைக் கொண்டே அளந்து பார்க்க வேண்டும்.

பாஸ்டனில் ஏற்றிய விளக்கு

1908ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ‘தொழில் வழிகாட்டு நிலையம்’ ஒன்று திறக்கப்பட்டது. நம் துறையின் பிறந்தநாளாக உலகெங்கும் கொள்ளப்படுவது இந்நாளே. அதை நிறுவியவர் பிராங்க் பார்சன்ஸ். 1854இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்த அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றார். இரயில்வேப் பொறியாளராக வேலை பார்த்தபோது 1870களின் பொருளாதார நெருக்கடியில் அந்த வேலையை இழந்தார். இரும்பாலையில் கூலித் தொழிலாளியாக உழைத்தார், பள்ளியாசிரியரானார், பின்னர் சட்டம் பயின்று வழக்கறிஞராகவும் சட்டக் கல்லூரி ஆசிரியராகவும் விளங்கினார். தனக்கேற்ற தொழில் எதுவெனத் தேடி அலைந்த அந்த அனுபவமே இளைஞர்களின் திகைப்பை அவருக்குப் புரிய வைத்தது.

அந்நாளில் பாஸ்டனின் வடமுனைப் பகுதியில் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய ஏழைக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்துவந்தன. அவர்களுக்காக 1901 முதல் இயங்கிவந்த சமுதாய நிலையத்தை மேயர் புளூம்ஃபீல்டு என்பவர் நடத்திவந்தார். பகலில் உழைத்து மாலையில் படித்த இளைஞர்களிடம் பார்சன்ஸ் அங்கே தொழில் தேர்வு குறித்து உரையாற்றினார். உரை முடிந்ததும் தனியே சந்திக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டனர். அந்தச் சந்திப்புகளிலிருந்துதான் நிலையம் உருவாயிற்று. நகரில் மழலையர் பள்ளிகள் பலவற்றை நடத்திவந்த பாலின் அகாசிஸ் ஷா அம்மையார் பொருளுதவி அளித்தார்.

பார்சன்ஸ் வகுத்த முறை எளிமையானது. தன் திறமை, விருப்பம், குறைபாடு, குடும்பச் சூழல் ஆகியவற்றை இளைஞர் தெளிவாக அறிய வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் வேண்டிய தகுதி, அதிலுள்ள ஊதியம், வளர்ச்சி, இடர்ப்பாடு ஆகியவற்றை அறிய வேண்டும். பின்னர் இவ்விரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். முடிவெடுப்பவர் இளைஞரே, வழிகாட்டி துணை நிற்பவர் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்று நம் பள்ளிகளில் நிரப்பப்படும் விருப்பப் படிவமும் பிளஸ் ஒன் பிரிவு குறித்துப் பெற்றோரோடு நடக்கும் பேச்சும் இந்த மூன்று படிகளின் வழித்தோன்றல்களே.

1908 மே மாதம் பார்சன்ஸ் அளித்த முதல் அறிக்கை, நிலையத்துக்கு 80 பேர் ஆலோசனை நாடி வந்ததைப் பதிவு செய்தது. தம் பணி வேர்பிடித்து வளர்வதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த உடல்நிலையோடு ஓயாமல் உழைத்த அவர் அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று காலமானார். அவருடைய குறிப்புகளை நண்பர்கள் தொகுத்து ‘தொழிலைத் தேர்ந்தெடுத்தல்’ என்ற நூலாக 1909இல் வெளியிட்டனர். எட்டே மாதம் அவர் நடத்திய நிலையத்தின் பொறுப்பைப் பின்னர் புளூம்ஃபீல்டு ஏற்றுக்கொண்டார்.

அடுத்த சில ஆண்டுகள் விரைவான வளர்ச்சிக்குரியவை. பாஸ்டன் நகரப் பள்ளிகளில் நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். பாடம் நடத்தும் ஆசிரியரே வழிகாட்டியாகவும் விளங்கும் மரபு அங்கே தொடங்கியது. 1910இல் முதல் தேசிய மாநாடு பாஸ்டனில் கூடியது. 1911 கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புளூம்ஃபீல்டு இத்துறைக்கெனப் பாடம் நடத்தினார். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1907இல் உயர்நிலைப் பள்ளி முதல்வராகப் பொறுப்பேற்ற ஜெஸ்ஸி டேவிஸ், ஆங்கிலக் கட்டுரை வகுப்பிலேயே மாணவர்களைத் தொழில்கள் பற்றிச் சிந்தித்து எழுத வைத்தார். அவருடைய ஊரில்தான் 1913இல் தேசிய தொழில் வழிகாட்டல் சங்கம் தோன்றியது. இங்கிலாந்தில் 1910ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளியைவிட்டு வெளியேறும் சிறாருக்குத் தொழில் ஆலோசனை வழங்கும் அதிகாரத்தை உள்ளூர்க் கல்வி அமைப்புகளுக்கு அளித்தது.

1917இல் முதல் உலகப் போரில் இறங்கிய அமெரிக்கா, படைவீரர்களைத் தேர்ந்து பணியமர்த்த உளவியல் சோதனைகளைப் பெருமளவில் பயன்படுத்தியது. அவ்வழியில் திறனறி சோதனைகளும் ஆர்வமறி சோதனைகளும் வளர்ந்தன. எட்வர்டு ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்ட தொழில் ஆர்வப் பட்டியல் அவற்றுள் புகழ்பெற்றது. வழிகாட்டியின் அனுபவத்தோடு அளவிடும் கருவியும் சேர்ந்தது. கடல் கடந்து நம் நாட்டுக்கு இத்துறை வந்தபோது இரண்டும் சேர்ந்தே வந்தன.

இந்திய மண்ணில் முதல் அடிகள்

இந்தியாவில் தொழில் வழிகாட்டலுக்கு முதலிடம் தந்த பெருமை கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. உளவியலுக்கென 1916இல் நாட்டின் முதல் துறையைத் தொடங்கிய அப்பல்கலைக்கழகம், 1938இல் பயன்முறை உளவியல் பிரிவை ஏற்படுத்திக் கல்வி வழிகாட்டலையும் தொழில் வழிகாட்டலையும் ஆய்வுப் பொருளாக்கியது. மனப்பகுப்பாய்வு அறிஞர் கிரீந்திரசேகர் போஸ் அப்போது அத்துறையை வழிநடத்தி வந்தார்.

1940களில் பணி பல நகரங்களுக்குப் பரவியது. 1941இல் பம்பாயில் பாட்லிபாய் தொழில் வழிகாட்டு நிலையம் தோன்றியது. 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. 1945இல் பாட்னாப் பல்கலைக்கழகம் உளவியல் சேவைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற 1947இல், ஆச்சாரிய நரேந்திர தேவ் குழுவின் பரிந்துரையை ஏற்று ஐக்கிய மாகாண அரசு அலகாபாத்தில் உளவியல் நிலையத்தை நிறுவியது. பம்பாயின் பார்சி பஞ்சாயத்து தன் சமூக இளைஞர்களுக்காக வழிகாட்டு நிலையம் கண்டதும் அதே ஆண்டில்தான். இந்திய மொழிகளில் சோதனைகள் இல்லாத காலம் அது. மேனாட்டு வினாத்தாளை அப்படியே கொடுத்தால் நம் பிள்ளைகளின் திறன் வெளிப்படாது என்பதை உணர்ந்த அறிஞர்கள், ஒவ்வொரு வினாவையும் நம் சூழலுக்கேற்ப மாற்றியமைத்துப் பள்ளி பள்ளியாகக் கொண்டுசென்று சரிபார்த்தனர். அவர்களுள் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் உழைப்பின் மீதுதான் நாம் நிற்கிறோம்.

இதே பத்தாண்டில்தான் வேலைவாய்ப்பு அலுவலகங்களும் பிறந்தன. இரண்டாம் உலகப் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1945 ஜூலையில், படையிலிருந்து திரும்பும் வீரர்களுக்கும் போர்க்காலப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கும் மறுவாழ்வு தர இவ்வமைப்பு உருவாக்கப்பட்டது. பிரிவினையின் துயரத்தில் வீடிழந்து வந்தவர்களுக்கும் அது கைகொடுத்தது. 1948இல் வேலை தேடும் அனைவருக்கும் அதன் கதவுகள் திறக்கப்பட்டன. போர் தந்த காயத்துக்கு மருந்தாகத் தோன்றிய ஓர் அமைப்பு, பிற்காலத்தில் நம் மாணவர்களின் வழிகாட்டு நிலையமாக வளர்ந்தது.

1950கள்: அடித்தளம் இட்ட பத்தாண்டு

நம் வரலாற்றில் 1953ஆம் ஆண்டு தனியே குறிக்கப்பட வேண்டியது. நடுவண் அரசு 1952 செப்டம்பரில் அமைத்த இடைநிலைக் கல்விக் குழு, 1953 ஆகஸ்டில் தன் அறிக்கையை அளித்தது. குழுவின் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவத்தில் புகழ்பெற்ற மருத்துவரான அவர் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தர் பொறுப்பில் இருந்தவர். ஹன்சா மேத்தா, கே.ஜி. சையிதைன், கே.எல். ஸ்ரீமாலி ஆகியோர் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர்.

எல்லா மாணவர்களையும் கல்லூரியை நோக்கி ஒரே பாதையில் செலுத்தும் பள்ளி முறையை அக்குழு மாற்ற விரும்பியது. மானுடப் பண்பியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளைக் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது. பல பாதைகளைத் திறந்துவிட்டால் எந்தப் பாதை எந்தப் பிள்ளைக்கு ஏற்றது என்று சொல்ல ஆள் வேண்டும் என்பதையும் குழு உணர்ந்திருந்தது. ஆகவே பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும், அவர்களுக்கான பயிற்சி மையங்களை நடுவண் அரசு வட்டாரந்தோறும் திறக்க வேண்டும், தொழிற்சாலைகளில் நடக்கும் வேலையை மாணவர்க்குக் காட்டும் திரைப்படங்கள் தயாரிக்கப்பட வேண்டும் என்று அறிக்கை வலியுறுத்தியது. வழிகாட்டி ஆசிரியர் என்ற பொறுப்புக்கு நாடு தழுவிய அங்கீகாரம் பெற்றுத் தந்தவர் ஒரு தமிழர் என்பதில் நமக்கு என்றும் நீங்காத பெருமை உண்டு.

அதே 1953இல் சென்னை மாநிலத்தில் தொடக்கக் கல்விக்கான புதிய திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளிநேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அத்திட்டம். பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளையை நிறுத்திவிடும் என்று மக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் சில வாரங்களுக்குள் அத்திட்டத்தைக் கைவிட்டார். தகப்பன் தொழில் மகனுக்கு என்ற கருத்தும், தனக்கேற்ற தொழிலைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும் என்ற கருத்தும் ஒரே காலத்தில் நேருக்கு நேர் நின்றன. தமிழ்நாடு இரண்டாவதைத் தேர்ந்தது. நம் துறை இம்மண்ணில் வேர்விடத் தேவையான ஈரம் அந்த முடிவில்தான் கிடைத்தது.

தொடர்ந்து வந்த காமராசர் ஆட்சிக் காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் அயராத உழைப்பால் ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. மதிய உணவுத் திட்டம் வந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பொதுமக்கள் தாங்களே முன்வந்து பள்ளிகளுக்கு வேண்டியவற்றை வழங்கினர். மாடு மேய்த்த பிள்ளையும் களையெடுத்த பிள்ளையும் பள்ளிக்கு வந்தனர். அந்தத் தலைமுறை உயர்நிலைப் பள்ளியை எட்டியபோது அவர்களுக்கு அடுத்த படியைக் காட்டும் கடமை நம் துறையின் தோளில் ஏறியது.

தேசிய அளவில் 1954இல் மத்திய கல்வி, தொழில் வழிகாட்டு நிலையம் டெல்லியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சிவராவ் குழு வேலைவாய்ப்பு அமைப்பைச் சீரமைக்கும் பரிந்துரைகளை அளித்தது. 1956 நவம்பர் 1 முதல் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இளைஞர்க்கான தொழில் வழிகாட்டல் பிரிவுகள் அவ்வலுவலகங்களில் இடம்பெற்றன. பதிவேட்டில் பெயர் எழுதும் இடமாக மட்டும் இருந்த அலுவலகம் ஆலோசனை சொல்லும் இடமாகவும் ஆயிற்று. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று இன்று அவ்வலுவலகம் தாங்கியிருக்கும் பெயரே அந்த வளர்ச்சிக்குச் சான்று.

1960கள்: அமைப்புகள் உறுதிப்பட்ட காலம்

1961இல் தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தோன்றியபோது மத்திய வழிகாட்டு நிலையமும் அதனுள் இணைந்தது. பள்ளி வழிகாட்டிகளுக்கான பயிற்சி அதன் நிலையான பணிகளுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டு இயற்றப்பட்ட தொழில் பழகுநர் சட்டம், பள்ளி முடித்த இளைஞர்கள் ஆலைகளில் உதவித்தொகையோடு தொழில் கற்க வழிவகுத்தது. அதற்குச் சற்று முன்னதாக, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுத்துறை நிறுவனங்களும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தனியார் நிறுவனங்களும் தங்கள் காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. எந்தத் தொழிலுக்கு எங்கே ஆள் தேவை என்ற செய்தி வழிகாட்டிகளின் கைக்கு இதனால் வந்துசேர்ந்தது.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டல் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி என்றும் அது தொடக்கப்பள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் கூறியது. பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒருவராக, சுற்றிவந்து பணியாற்றும் ஆலோசகர் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஒரு பள்ளியில் ஆசிரியர், பல பள்ளிகளுக்கு ஆலோசகர், மாவட்டத்துக்கு ஒரு மையம் என்ற மூன்றடுக்கு எண்ணம் அக்காலத்தில் தெளிவு பெற்றது.

நம் மூத்த ஆசிரியர்கள் இப்பத்தாண்டைப் பற்றிச் சொல்வது ஏராளம். வழிகாட்டலுக்கெனப் பாடவேளை இல்லாத பள்ளிகளில் அவர்கள் ஓய்வு வேளையை அதற்குக் கொடுத்தார்கள். செய்தித்தாளில் வந்த சேர்க்கை அறிவிப்புகளைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிப் பள்ளிச் சுவரில் மாட்டினார்கள். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களைத் தங்கள் செலவில் வாங்கி வந்தார்கள். படிவத்தைத் தாங்களே நிரப்பி, பெற்றோரின் கைநாட்டைப் பெற்று, அஞ்சலில் சேர்த்தார்கள். மகளை வெளியூரில் படிக்கவைக்கத் தயங்கிய குடும்பங்களைத் தேடி மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து பேசினார்கள். அதற்கெனப் படியும் இல்லை. பாராட்டுச் சான்றும் இல்லை.

1970கள்: மேல்நிலைக் கல்வியின் வருகை

மேல்நிலைக் கல்வியின் வரலாற்றில் மால்கம் ஆதிசேசையாவின் பெயர் அழியாதது. 1910இல் வேலூரில் பிறந்து, யுனெஸ்கோ நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த அவர், தாயகம் திரும்பி 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1975 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். மேல்நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் மறுஆய்வு செய்த தேசியக் குழு அவர் தலைமையில் 1978இல் அறிக்கை அளித்தது. கையால் செய்து கற்பதும் கல்வியே என்பதையும், பொதுக்கல்வியும் தொழிற்கல்வியும் பள்ளியில் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்பதையும் அது நிலைநாட்டியது.

அதே 1978இல் தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து விடைபெற்றது. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகள் பள்ளிக்கு வந்தன. 1980இல் முதல் அணியினர் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதினர். வேளாண்மை, மனையியல், வணிகம், பொறியியல், உடல்நலம் முதலிய துறைகளைச் சேர்ந்த தொழிற்கல்விப் பாடங்களும் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. ஊரிலுள்ள பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கலாம் என்ற நிலை கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு பதினைந்து வயதில் ஒரு பிரிவைத் தேர்ந்தாக வேண்டும் என்ற நிலையும் உடன் வந்தது. அந்நாளில் உயிரியல் எடுக்காத மாணவருக்கு மருத்துவம் இல்லை. கணிதம் எடுக்காத மாணவருக்குப் பொறியியல் இல்லை. ஆகவே பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் வாரம் வழிகாட்டி ஆசிரியர்களின் ஆண்டுப் பணியில் தலையாய வாரமாயிற்று.

1980களும் 1990களும்: பெருகிய வாய்ப்புகள்

1984இல் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு வந்தது. தனியார் பொறியியல் கல்லூரிகளும் அக்காலத்தில் தொடங்கப்பட்டன. 1986ஆம் ஆண்டுத் தேசிய கல்விக் கொள்கை மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வியை விரிவாக்க இலக்கு வகுத்தது. படிப்புகளும் கல்லூரிகளும் பெருகப் பெருக, அவற்றைப் பிரித்தறிந்து சொல்லும் பணியும் வளர்ந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் நீண்ட வரிசையில் நின்று பதிவட்டை பெற்ற ஆண்டுகள் அவை. கூட்டத்தைச் சமாளித்தபடியே வேலைவாய்ப்பு அலுவலர்கள் பள்ளிகளுக்கும் வந்து, பதிவைப் புதுப்பிப்பது முதல் போட்டித் தேர்வுக்குப் படிப்பது வரை விளக்கினார்கள்.

1990களில் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்காமல், ஒரே இடத்தில், மதிப்பெண் வரிசையில், காலியிடங்களை வெளிப்படையாகப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும் அந்த முறை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்தது. கலந்தாய்வு என்ற சொல் பட்டிதொட்டியெங்கும் பரவியது. முதன்முறையாகச் சென்னைக்கு வரும் பிள்ளையோடும் பெற்றோரோடும் துணையாகப் பேருந்தேறிய ஆசிரியர்கள் பலர். தமிழ் நாளிதழ்களும் இக்காலத்திலிருந்து கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளையும் சிறப்பிதழ்களையும் நடத்தி, நம் பணியை மாவட்டத் தலைநகரங்களின் மண்டபங்களுக்குக் கொண்டுசென்றன.

புதிய நூற்றாண்டில்

2006ஆம் ஆண்டுச் சட்டம் மாநில நுழைவுத் தேர்வை நீக்கியது. அதற்குப் பரிந்துரைத்த குழுவின் தலைவரும் பேராசிரியர் அனந்தகிருஷ்ணனே. பயிற்சி மையங்கள் இல்லாத ஊர்களைச் சேர்ந்த பிள்ளைகள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே தொழிற்படிப்பில் நுழைந்தனர். 2009இல் இடைநிலைக் கல்விக்கான தேசியத் திட்டம் தொடங்கியதும் உயர்நிலைப் பள்ளிகள் பெருகின. தேசிய அளவில் 2015 ஜூலையில் தேசிய தொழில்வாழ்க்கைச் சேவை இணையத்தில் தொடங்கியது.

2018இல் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பாடநூல்கள் புதுப்பிக்கப்பட்டன. அப்பணிக்கான உயர்மட்டக் குழுவுக்கும் அனந்தகிருஷ்ணன் தலைமை தாங்கினார். ஒரு பாடத்தைப் படித்தால் மேலே எவ்வகைப் படிப்புகள் உள்ளன, எந்தெந்த நிறுவனங்களில் சேரலாம், நுழைவுத் தேர்வுகளும் உதவித்தொகைகளும் எவை என்ற விவரங்கள் பாடநூலின் பக்கங்களிலேயே அச்சிடப்பட்டன. முன்பு ஆசிரியர் அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டிய செய்தி, விலையில்லாப் பாடநூலில் ஒவ்வொரு மாணவரின் கைக்கும் சென்றது. அதே ஆண்டு 14417 என்ற உதவி எண்ணும் வந்தது. தேர்வு முடிவு நாளில் மனம் தளர்ந்த பிள்ளைகள் எங்கிருந்தும் அழைத்துப் பேசவும், மேற்படிப்பு பற்றிக் கேட்கவும் அது வழிசெய்தது.

2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோதும் வழிகாட்டல் நிற்கவில்லை. ஆசிரியர்கள் கைப்பேசி வழியாகப் பிள்ளைகளைத் தொடர்புகொண்டார்கள். வேலைக்குப் போய்விட்ட மாணவர்களை வீடு தேடிச் சென்று மீண்டும் அழைத்துவந்தார்கள். அவ்வாண்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. 2021இல் அது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் திறந்த இந்தக் கதவை ஊர் ஊராகச் சென்று அறிவித்தவர்கள் நம் வழிகாட்டி ஆசிரியர்களே.

2022 மார்ச் 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆண்டுதோறும் பத்து லட்சம் இளைஞர்களின் திறனை வளர்ப்பதை இலக்காகக் கொண்ட அத்திட்டத்தில் அரசுப் பள்ளிகளின் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டலும் இடம்பெற்றது. அதே ஆண்டு ஜூனில் தொடங்கிய ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரியில் சேராத பிள்ளைகளைத் தேடி அழைக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் பின்னர் வந்தன. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டமும் 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கும் மாணவருக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கச் செய்தன. என்ன படிக்கலாம் என்று சொல்லும்போது, அதைப் படிக்க உதவியும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவினரும் முன்னாள் மாணவர்களும் வழிகாட்டல் பணியில் நம்மோடு இணைந்தனர்.

நம் கையில் உள்ள பொறுப்பு

பார்சன்ஸ், புளூம்ஃபீல்டு, கிரீந்திரசேகர் போஸ், லட்சுமணசாமி முதலியார், சுந்தரவடிவேலு, ஆதிசேசையா, அனந்தகிருஷ்ணன் ஆகிய பெருமக்களை இம்மலர் நன்றியோடு நினைவுகூர்கிறது. அவர்களோடு, விண்ணப்பம் நிரப்பித் தந்தவர்களும், திண்ணையில் அமர்ந்து பெற்றோரிடம் பேசியவர்களும், கலந்தாய்வுக்குத் துணை போனவர்களுமான பெயர் தெரியாத ஆயிரமாயிரம் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் வணங்குகிறது. இன்று மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் செவிலியர்களாகவும் ஆசிரியர்களாகவும் தொழில்முனைவோராகவும் விளங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வாழ்க்கையில் இவர்களின் பங்கு நிலைத்திருக்கிறது.

தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, பசுமை ஆற்றல், மின்வாகன உற்பத்தி எனப் புதிய தொழில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தொழில்களின் பெயர் எப்படி மாறினாலும் தன்னை அறிதல், தொழிலை அறிதல், பொருத்திப் பார்த்துத் தானே முடிவெடுத்தல் என்ற மூன்று படிகள் மாறப்போவதில்லை. ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அந்த மூன்றையும் கொண்டுசேர்ப்போம். எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் தமக்கேற்ற தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்பதை அவர்கள் உணரும்வரை உடன் நிற்போம். முன்னோடிகள் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற கடமை இது. இதை நாம் நிறைவேற்றுவோம்.